கேமரா வந்தது சரி, நெகட்டிவ் எங்கே?

சேரிக்குப் பழசு வருவது புதுசில்லை. பழைய சோறு வந்திருக்கிறது. ஊசிப்போன குழம்பு வந்திருக்கிறது. ஆண்டை வீட்டுப் பிள்ளைக்குச் சின்னதாய்ப் போன சட்டை வந்திருக்கிறது, அட்டை கிழிந்த பாடப்புத்தகம் வந்திருக்கிறது. புயல், வெள்ளம் என்றால் லாரியில் பழந்துணி மூட்டை வரும். பிரித்துப் பார்த்தால் பாதி பட்டன் இல்லாத கால்சட்டை. கொடுத்தவன் பெயர் பேப்பரில் வரும். வாங்கினவன் படம் வரும், பெயர் வராது. இப்படி வாங்கி வாங்கிப் பழகின கைகளுக்கு எதுவாவது சும்மா வருகிறது என்றால் சந்தோஷத்துக்கு முன்னால் கோபம்தான் வரும். நியாயமான கோபம். அதை விட்டுவிடுங்கள் என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை.

ஆனால் இந்தத் தடவை வந்தது ஏழு கேமரா.

காரைக்கால் பக்கம் ரொம்ப காலம் ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவர். பெயரும் கடையின் பெயரும் இங்கே வேண்டாம். கடையை மூடி, இடத்தைச் செல்போன் ரிப்பேர்க்காரருக்கு விட்டுவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாமல், பூவத்தில் எங்கள் தெருப் படிப்பகத்துக்கு வந்து இரண்டு ரெக்சின் பையை மேசைமேல் வைத்தார். "ஒங்க பசங்க படிக்கிறாங்க, செல்லுல படம்லாம் நல்லா எடுக்குறாங்கன்னு கேள்விப்பட்டேன் தம்பி. வச்சுக்குங்க. எம் புள்ளைங்களுக்கு இதோட அரும தெரியல" என்றார். டீ வாங்கிக் கொடுத்தோம், குடித்தார். எங்கள் தெருவில் அவர் டீ குடித்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அதற்கு முன்னால் தெருவுக்குள் வந்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். வந்திருக்கிறார், சாவுக்கு. பிணத்தை உட்கார வைத்துச் சுற்றிக் குடும்பத்தை நிறுத்திப் படம் எடுக்க.

பையில் இருந்தவை: யாஷிகா மேட் 124ஜி ஒன்று, அக்ஃபா கிளிக் த்ரீ இரண்டு, பென்டாக்ஸ் கே1000 ஒன்று, சோவியத் ஜெனித் ஒன்று, எண்பதுகளில் கல்யாண வீடுகளில் எல்லார் கையிலும் திரிந்த ஹாட் ஷாட் ஒன்று. ஏழாவது, எங்கள் யாருக்கும் பெயர் தெரியாத ஒரு பிரெஞ்சுக் கேமரா. ஃபோகா. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பிரான்சில் செய்ய ஆரம்பித்து அறுபதுகளோடு நின்றுபோன சாமான். யாரோ ஒரு சொல்தா வீட்டிலிருந்து கஷ்டத்துக்கு விற்க வந்ததை அவருடைய அப்பா வாங்கிப் போட்டதாகச் சொன்னார்.

அந்த ஃபோகாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1954 வரை எங்கள் ஊர் வெள்ளைக்காரனிடம் இல்லை, பிரெஞ்சுக்காரனிடம் இருந்தது. நண்டலாற்றுக்கு அந்தப் பக்கம் பொறையாறு ஒரு ராஜ்யம், இந்தப் பக்கம் பூவம் இன்னொரு ராஜ்யம். 1881இல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது: சாதி, மத வழக்கப்படியான சட்ட அந்தஸ்தை விட்டுவிட்டுப் பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வர விரும்புகிறவன் எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம், வரும்போது ஒரு புதுக் குடும்பப் பெயர் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படிப் போனவர்களில் கணிசமானவர்கள் ஒடுக்கப்பட்ட சாதிக்காரர்கள். குடியானத் தெருக்காரர்களில் பலர் அன்றைக்குச் சாதியை விட மனசில்லாமல் நின்றார்கள். பின்னால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனாவுக்குக் கப்பல் ஏறின சொல்தாக்களிலும் நம்ம ஆட்கள் உண்டு. ஆக அந்த ஃபோகா முதலில் யார் தோளில் தொங்கியது, சைகோனில் யாரைப் படம் எடுத்தது என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. தாழ்ந்து தாழ்ந்து வாங்க வேண்டிய சாமான் மாதிரி எனக்கு அது தெரியவில்லை.

அன்று சாயங்காலமே படிப்பகத்தில் சண்டை. ஒரு தம்பி சொன்னான், 'திருப்பிக் கொடுத்துடுவோம்ணே, அவங்க வூட்டுக் குப்பையக் கொட்டறதுக்கு நம்ம தெருதானா?' இன்னொருவன் சொன்னான், 'பழைய கேமராவுக்கு இப்ப நல்ல வெல. வித்துட்டு டியூஷன் புள்ளைங்களுக்கு ஃபேனு வாங்குவோம்.' சினிமாவுக்கு வாடகைக்கு விடலாம் என்றது மூன்றாவது கட்சி. இந்த மூன்றுக்கும் வெளியே நின்று நான் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில், இது தானம் இல்லை. அந்த ஸ்டுடியோ எப்படி நடந்தது? ஸ்காலர்ஷிப்புக்கு இரண்டு பாஸ்போர்ட் சைஸ், சாதிச் சான்றிதழுக்கு ஒன்று, ஹாஸ்டலுக்கு மூன்று, முதியோர் பென்ஷனுக்கு ஒன்று, துபாய்க்குப் போகப் பாஸ்போர்ட்டுக்கு நாலு. இதையெல்லாம் அதிகம் எடுத்தது யார்? சர்க்கார் கேட்கிற ஒவ்வொரு மனுவிலும் முகத்தை ஒட்டி ஒட்டி நிரூபிக்க வேண்டியிருந்தவர்கள் நாம்தானே. நடவு நட்ட காசு, களத்துமேட்டுக் கூலி, எல்லாம் அந்தக் கல்லாவில் விழுந்திருக்கிறது. கேமராவில் நம் பங்கு இருக்கிறது. அதனால் வாங்கலாம், நிமிர்ந்து வாங்கலாம்.

எங்கப்பா கல்யாணப் படம் அந்த ஸ்டுடியோவில் எடுத்ததுதான், 1974இல். அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் ஒரு கோட்டும் ஒரு டையும் ஆணியில் தொங்கும். சீப்பு, பவுடர், கண்ணாடி இருக்கும். மாப்பிள்ளை யாராக இருந்தாலும் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்காருவான். ஒரே கோட்டு நூறு மாப்பிள்ளைகளைப் பார்த்திருக்கும். அப்பா கேட்டபோது, 'அது ஒனக்கு அளவு சரியா வராதுப்பா' என்று பதில் வந்ததாம். அப்பா ஆறடி ஆள் ஒன்றும் இல்லை. அவருக்கு முன்னால் எடுத்துக்கொண்டு போனவனும் அதே உடம்புதான். திட்டவில்லை, வெளியே போ என்று சொல்லவில்லை, அளவு சரியில்லை என்றார்கள், அவ்வளவுதான். டெல்டாவில் பாதிச் சாதி இந்த மாதிரி இதமாகத்தான் பேசும். இரவல் சட்டையில் நிற்கிற அந்தப் படம் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. பக்கத்தில், நீலக் கோட்டில், அண்ணல். அம்பேத்கர் ஏன் எந்தப் படத்திலும் கோட்டும் சூட்டுமாகவே நிற்கிறார், எளிமையாக இருக்கக்கூடாதா என்று ஞானம் பேசுகிறவர்கள் அந்த இரண்டு படத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நம்மை இதுவரை யார் படம் எடுத்தார்கள் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1857 கலகத்துக்குப் பிறகு வெள்ளைக்காரனுக்கு இந்த நாட்டு ஜனங்களை அடையாளம் தெரிய வேண்டியிருந்தது. 1868இலிருந்து 1875 வரை எட்டு தொகுதியாக 'இந்திய மக்கள்' என்று படப்புத்தகம் போட்டான். மனிதர்களைச் சாதி மாதிரிகளாக நிற்க வைத்து எடுத்த படங்கள். அப்புறம் சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த எட்கர் தர்ஸ்டன். இடுக்கிக் கருவியால் மண்டையை அளந்தார், மூக்கை அளந்தார். 1909இல் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றி ஏழு தொகுதி போட்டார். அதில் நம் பாட்டன் பாட்டி மாதிரி முகங்கள் இருக்கின்றன. கீழே சாதிப்பெயர் போட்டிருக்கும். அந்த ஆள் பெயர் என்ன? அதை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு? பேப்பர்காரன் வந்தான். பூவம் என்றால் வெளியூர்க்காரனுக்கு எல்லையோரப் பிராந்திக் கடைதான் ஞாபகம் வரும். மது கடத்தினதாகப் பிடித்து, பாட்டில்களை வரிசையாக அடுக்கி, பின்னால் நம்ம பையன்களைக் குத்தவைத்து, அதற்கும் பின்னால் காவலர்கள் நிமிர்ந்து நிற்கிற படம் வரும். முதலாளி அந்தப் படத்தில் இருக்கமாட்டான். அப்புறம் கலவரப் படம், எரிந்த குடிசைப் படம். 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்து காரைக்கால் கரையில் நூற்றுக்கணக்கான உயிர் போனபோது உலகத்துக் கேமரா எல்லாம் இந்தக் கரைக்கு வந்தது. கடலை எடுத்தார்கள், படகை எடுத்தார்கள், எடுக்க வேண்டியதுதான். ஆனால் உப்பேறின வயலில் கூலி போனவர்களும், மீன் கூடை தூக்கிப் பிழைத்தவர்களும் அந்தப் படங்களில் அனேகமாக இல்லை. நிவாரணத்தில் தலித்துகள் ஒதுக்கப்பட்டதை 2005இலேயே மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன.

இதற்கு நடுவே 1993இல் தேர்தல் ஆணையம் புகைப்பட வாக்காளர் அட்டையைக் கொண்டுவந்தது. எங்கள் தெருவில் பல கிழவன் கிழவிகளுக்கு வாழ்க்கையில் முதல் படம் அதுதான். மிரண்டு போய், பாதிக் கண் மூடி, கறுப்புக் கறையாக ஒரு முகம். அவர்கள் செத்த பிறகு அதைத்தான் ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிசாக்கிப் பொட்டு வைத்து மாட்டியிருக்கிறோம். எங்கப்பாயிக்கு அதுகூட இல்லை. வெண்மணி இங்கிருந்து தெற்கே அரை நாள் பயணம்கூட இல்லை. 1968 டிசம்பர் 25 ராத்திரி ராமையாவின் குடிசையில் வைத்து எரிக்கப்பட்ட 44 பேரின் பெயரைக் கல்லில் வாசிக்கிறபோதெல்லாம் எனக்கு இது தோன்றும்: இவர்களில் எத்தனை பேர் உயிரோடு ஒரு கேமரா முன்னால் நின்றிருப்பார்கள்?

படம் எடுக்கிற கருவிக்குச் சாதி இல்லை, நிறம் இல்லை என்று நினைக்கிற தோழர்களுக்கு ஒரு தகவல். கோடாக் கம்பெனி கலர் படம் கழுவும் லேப்களுக்கு நிறத்தைச் சரிபார்க்க ஓர் அட்டை அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். 'ஷெர்லி கார்டு' என்று பெயர். அவள் தோல் சரியாக விழுந்தால் எல்லாம் சரி. கறுப்புப் பிள்ளையும் வெள்ளைப் பிள்ளையும் சேர்ந்து நின்றால் கறுப்புப் பிள்ளையின் கண்ணும் பல்லும் மட்டும்தான் தெரியும். கறுப்பின மக்கள் முறையிட்டார்கள், பெரிய அளவில் அசையவில்லை. சாக்லேட் கம்பெனிக்காரனும் மேசை நாற்காலி விற்கிறவனும் 'எங்கள் சரக்கின் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை' என்று சொன்ன பிறகுதான் ஃபிலிமைத் திருத்தினார்கள். நம்ம ஊரில் அந்த வேலையை 'டச்சிங்' பார்த்துக்கொண்டது. நெகட்டிவின் மேல் கூரான பென்சிலால் இழைத்து இழைத்து முகத்தை வெளுப்பாக்குவது. சில வீடுகளில் அம்மா ஒரு நிறம், அம்மாவின் படம் ஒரு நிறம். இன்றைக்குச் செல்போன் அதே டச்சிங்கை யாரும் கேட்காமலே செய்கிறது.

1970இல் அமெரிக்காவில் போலராய்டு கம்பெனியில் வேலை பார்த்த கரோலின் ஹன்டர், கென் வில்லியம்ஸ் என்ற இரண்டு கறுப்பினத் தொழிலாளர்கள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். தென்னாப்பிரிக்காவில் கறுப்பர்கள் சொந்த ஊரில் நடக்கவே கையில் வைத்திருக்க வேண்டிய பாஸ் புத்தகத்துக்குத் தங்கள் கம்பெனி கேமராதான் படம் எடுக்கிறது என்பது அது. அவர்கள் அங்கேயே எதிர்ப்பைத் தொடங்கினார்கள். வேலை போனது. போராட்டம் போகவில்லை. 1977இல் போலராய்டு தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது. அதற்கு நூறு வருஷம் முன்னாலேயே, 1838இல் அடிமைத்தளையிலிருந்து தப்பிய ஃபிரெடரிக் டக்ளஸ் கேமராவின் பலத்தைப் புரிந்துகொண்டிருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் அதிகம் படம் எடுக்கப்பட்ட மனிதர் ஜனாதிபதி இல்லை, அவர்தான். சுமார் 160 படங்கள் இதுவரை கிடைத்திருக்கின்றன. கோட்டுப் போட்டிருப்பார், நேராகப் பார்ப்பார், அனேகமாகச் சிரிக்கவே மாட்டார். சந்தோஷமான அடிமை என்ற பொய்க்கு அந்த முகம் ஒரு பதில். நம் தரப்பில் வட்டமேசை மாநாட்டில் அண்ணலும் இரட்டைமலை சீனிவாசனும் இருக்கிற படத்தை எடுத்துப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும்.

இப்போது நம் பிள்ளைகளே எடுக்கிறார்கள் என்பதும் உண்மை. மதுரை எம். பழனிக்குமார், 2017இல் திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' படத்தின் ஒளிப்பதிவாளர். மலக்குழியில் செத்தவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பெயரோடும் கதையோடும் படம் எடுத்தவர். 2022இல் தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது முதன்முதலில் அவருக்குத்தான் போனது. தூய்மைப் பணியாளர், மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் படம் எடுக்கக் கற்றுக்கொடுக்கிறார். வாடிப்பட்டி ஜெய்சிங் நாகேஸ்வரன் தன் குடும்பத்தையே, தன் வீட்டையே எடுக்கிறார். மும்பையில் சுதாரக் ஓல்வே துப்புரவுத் தொழிலாளர்களை எடுத்தார். இவர்கள் படத்தில் நிற்கிறவர்கள் நம்மைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அதைப் பூவத்துப் பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

சரி, நெகட்டிவுக்கு வருகிறேன். அவர் எழுந்து கிளம்பும்போது நான் கேட்டேன்: "கேமரா வந்துச்சு சார், நெகட்டிவ் எங்க?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "பழசெல்லாம் கிலோ கணக்குல போட்டாச்சு தம்பி. வெள்ளி எடுக்குறவன் வந்து மூட்ட கட்டிட்டுப் போனான்" என்றார். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் வெள்ளி இருக்கிறது, கரைத்து எடுப்பார்கள். தமிழ்நாடு முழுக்க இப்படித்தான் ஊர் ஊராக முகங்கள் உலைக்குப் போயின. அந்த ஃபிலிமைச் செய்த ஊட்டி ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையே இப்போது இல்லை. 1967இல் உற்பத்தியைத் தொடங்கி, தொண்ணூறுகளில் நோஞ்சானாகி, கடைசியில் மூடப்பட்டது.

ஆனாலும் மறுநாள் அவர் வீட்டுக்குப் போய் நின்றோம். பரணில் மூன்று பிஸ்கட் டின் இருந்தது. திறந்தால் வினிகர் வாசனை; உப்புக்காற்றிலும் புழுக்கத்திலும் ஃபிலிம் கெட ஆரம்பித்தால் அப்படித்தான் வீசும். கவர்களின் மேல் மை மங்கின எழுத்து. குடியானத் தெரு வீடுகள் என்றால் பெயர், இன்னார் மகன், தேதி, எத்தனை காப்பி, எல்லாம் இருக்கிறது. நம்முடையதில் 'பூவம் காலனி, சாவு, 4 பேர்.' 'காலனி, கல்யாணம்.' 'சேரி, குரூப்.' இதுதான். தர்ஸ்டன் புத்தகத்துக்கும் இந்தக் கவருக்கும் நடுவில் எழுபது எண்பது வருஷம்.

இப்போது ஞாயிறுதோறும் படிப்பகத்தில் வேலை அதுதான். டியூப் லைட்டுக்கு முன்னால் நெகட்டிவைப் பிடித்து, செல்போனில் நிறத்தைத் தலைகீழாக்கிப் பார்த்தால் முகம் தெரியும். தெருவின் பெரிய மனுஷிகளை உட்கார வைத்துக் கேட்கிறோம். செத்தவரைப் பார்த்து அடையாளம் சொல்ல முடியாத ஒரு ஆயா, பின்னால் தெரிகிற கீற்றுக் கொட்டகையின் முட்டுக்காலைப் பார்த்து, 'இது மேலண்ட கோடி வூடு, அந்த முட்ட எம் புருசந்தான் நட்டாரு' என்றது. பெயர் வந்துவிட்டது. இதுவரை பாதிக்குக் குறைவாகத்தான் கண்டுபிடித்திருக்கிறோம். சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள், வினிகர் வாசனையும் ஏறிக்கொண்டிருக்கிறது. இரண்டில் எது முந்தும் என்று தெரியவில்லை.

பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 2010களில் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடிப் பிரதி எடுத்துப் பாதுகாக்கிற வேலையைச் செய்தது. நல்ல வேலை. அந்த மாதிரி இடங்களுக்குப் பிரதி கொடுக்கலாம் என்பதுதான் என் கருத்தும். அசல் தெருவிலேயே இருக்கட்டும். பெயரை நாமே எழுதிக் கொடுப்போம், குடும்பத்தைக் கேட்டுக்கொண்டு கொடுப்போம். சாவுப் படத்தைத் தூக்கி வாட்ஸப்பில் போடுகிற வேலையை எங்கள் தம்பிகளுக்குத் தடை செய்திருக்கிறோம். பிணத்துக்குப் பக்கத்தில் அழுதுகொண்டு நின்ற பதினெட்டு வயசுப் பெண், இன்றைக்கு யாருக்கோ பாட்டி.

கேமராவை என்ன செய்வது என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது. ஃபிலிமில் எடுப்பது உயர்வு, செல்போனில் எடுப்பது மட்டம் என்கிற பணக்காரப் பொழுதுபோக்கு நமக்கு வேண்டாம். 120 ஃபிலிம் ஒரு ரோல் ஆயிரம் ரூபாயைத் தொடுகிறது, கழுவுகிற கூலி தனி. யாஷிகாவில் அதற்கு விழுவது பன்னிரண்டு படம். 2024-25இல் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் நூறு நாள் வேலைக்கு அறிவித்த நாட்கூலி 319 ரூபாய். மூன்று நாள் மண் வெட்டினால் ஒரு ரோல். அதனால் தினசரி வேலை செல்போனில்தான் நடக்கும். ஆனால் அந்தப் பன்னிரண்டு என்கிற எண் பிள்ளைகளை யோசிக்க வைப்பதைப் பார்த்தேன். செல்லில் நூறு எடுத்து தொண்ணூற்றெட்டை அழிக்கிறவன், யாஷிகாவைக் கையில் கொடுத்ததும் எதிரே நிற்கிறவரிடம் பேச ஆரம்பிக்கிறான். பெயர் கேட்கிறான். அந்தக் கேமராவில் இன்னொரு விசேஷம், மேலே இருக்கிற கண்ணாடியில் குனிந்துதான் பார்க்க வேண்டும். தலை தாழ்த்தாமல் படம் எடுக்க முடியாது. அந்தக் காலத்தில் நம்ம அப்பன்களை எடுக்கவும் அவர்கள் குனிந்துதான் ஆகியிருக்க வேண்டும். இதைச் சொன்னபோது எங்கள் தெருவில் எழுந்த சிரிப்பு அடங்க ரொம்ப நேரம் ஆனது.

ஏழில் மூன்றுதான் இப்போதைக்கு ஓடுகிறது: யாஷிகா, பென்டாக்ஸ், ஒரு கிளிக் த்ரீ. ஜெனித்தின் லென்ஸில் பூஞ்சை. ஃபோகாவைத் திறக்கத் தெரிந்த ஆள் கிடைக்கவில்லை. மாணவத் தோழர்கள் யாராவது கல்லூரிப் பரணில் பழைய டெவலப்பிங் டேங்க், என்லார்ஜர் கிடப்பதைப் பார்த்திருந்தால் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறோம். அதைவிட முக்கியம், உங்கள் ஊரில் மூடுகிற ஸ்டுடியோவுக்கு, பழைய இரும்புக்காரன் போவதற்கு முன்னால் நீங்கள் போங்கள். பெயர் எழுதுவதற்கு பால்பாயின்ட் பேனா வேண்டாம், அழுத்தினால் படத்தில் பள்ளம் விழும், மை ஊறும். படத்தின் பின்பக்கம் மெல்லிய பென்சிலால், யார், யாருடைய மகள், எந்தத் தெரு, என்ன வேலை என்று எழுதுங்கள். லேமினேஷன் போட்டுவிடாதீர்கள்.